இரண்டாவது டோஸுக்கு அசையாத கல்லீரல் செல்கள்

வைரஸ் தாக்கும்போது உடல் சுரக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானைக் கல்லீரல் செல்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த வேலை. படிக்கும்போது எளிதாகத்தான் இருந்தது. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டும். உள்ளே ஜாக்1, டிக்2 என்ற நொதிகள் ஸ்டாட்1, ஸ்டாட்2 புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். அவை ஐஆர்எஃப்9 புரதத்துடன் சேர்ந்து உட்கருவுக்குள் போய், வைரஸை எதிர்க்கும் மரபணுக்களை நூற்றுக்கணக்கில் இயக்கும்.

கையில் எடுத்தால்தான் கஷ்டம் தெரிகிறது. மனிதக் கல்லீரலிலிருந்து பிரித்து உறைய வைத்த செல்கள் கொலாஜன் பூசிய தட்டில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் பெருகாது. இருப்பதை வைத்தே முடிக்க வேண்டும். அதுவும் ஒரே கொடையாளரின் செல்களாக இருந்தால் நல்லது, ஆளுக்கு ஆள் பதில் மாறும்.

முதல் டோஸ் சொன்னபடி நடந்தது. அரை மணி நேரம் கழித்து வெஸ்டர்ன் பிளாட் (ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பட்டையாக, அதாவது பேண்டாக, காட்டும் சோதனை) போட்டதில், பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்1 பளிச்சென்று தெரிந்தது. (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க, இதற்குப் பால் பவுடர் வேண்டாம், மாட்டு ரத்தப் புரதமான பிஎஸ்ஏ போடுங்கள். பாலிலுள்ள கேசீனிலேயே பாஸ்பேட் உண்டு, பின்னணி கறுத்துவிடலாம்.)

மறுநாள் அதே செல்களுக்கு அதே அளவு மறுபடி கொடுத்தேன். பேண்ட் மங்கல். மருந்து கெட்டுவிட்டதோ என்று அதே குப்பியிலிருந்து புதுச் செல்களுக்குக் கொடுத்தால், பளிச். சரி, ஸ்டாட்1 தீர்ந்துபோயிருக்கும் என்று மொத்த அளவைப் பார்த்தேன். அது முன்பைவிட அதிகம்! யோசித்தால் வியப்பில்லை, ஸ்டாட்1 மரபணுவையும் இன்டர்ஃபெரான்தானே தூண்டுகிறது.

தடையாக நின்றது யுஎஸ்பி18. முதல் டோஸால் உருவாகும் புரதங்களில் இதுவும் ஒன்று. ஏற்பியின் ஐஎஃப்என்ஏஆர்2 பகுதியில் ஒட்டிக்கொண்டு ஜாக்1 நொதியை வேலை செய்ய விடாது. பிசிஆரில் அதன் ஆர்என்ஏ ஏறியிருந்ததைக் காட்டியும் என் மேற்பார்வையாளர் தலையாட்டவில்லை. எஸ்ஐஆர்என்ஏ (குறிப்பிட்ட ஒரு மரபணுவின் ஆர்என்ஏவை அழிக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு யுஎஸ்பி18 அளவைக் குறைத்த செல்களில் இரண்டாவது டோஸுக்கும் பேண்ட் எழுந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அவர் பிடிவாதம் நியாயம்தான்.

ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் சிலருக்கு, உடலில் நீண்ட நேரம் தங்கும்படி மாற்றிய பெக்இன்டர்ஃபெரான் ஊசி ஏன் சரியாகப் பலன் தரவில்லை என்பதும் இதன் பிறகு எனக்கு விளங்கியது. அவர்களில் பலருடைய கல்லீரலில் ஊசி போடும் முன்பே இன்டர்ஃபெரான் தூண்டும் மரபணுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. புதிதாகத் தூண்ட அதிகம் மிச்சமில்லை.

இப்போதெல்லாம் எதுவும் கொடுக்காத செல்களில் யுஎஸ்பி18 அளவை முதலில் பார்த்துவிடுகிறேன். ஏற்கெனவே ஏறியிருந்தால் அந்தத் தொகுதியை இன்டர்ஃபெரான் சோதனைக்கு எடுப்பதில்லை.