உஞ்சேனை மாகாளம்: மேகம் போன வழியில்

அப்பர் பெருமானின் க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்தில் 'உஞ்சேனை மாகாளம்' என்று ஓர் ஊர் வரும். அம்மா அந்தப் பதிகத்தைச் சின்ன வயதிலிருந்தே பாராயணம் செய்கிறார். ஆனால் அந்த ஊர் உஜ்ஜயினிதான் என்பது அவருக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. எங்கள் ஊர்க் கோயில் ஓதுவார் ஒருநாள் விளக்கிச் சொன்னாராம். "இத்தனை வருஷமா வாயால போயிட்டு வந்த ஊரு. ஒரு தடவை காலாலயும் போயிட்டு வந்துடணும்ப்பா" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு உஜ்ஜயினி மேல் ஆசை வந்தது வேறு வழியில். கல்லூரி நாளில் காளிதாசரின் மேகதூதத்தைத் தமிழில் படித்திருக்கிறேன். ராமகிரியில் மனைவியைப் பிரிந்திருக்கும் ஒரு யக்ஷன், ஆஷாட மாதத்தின் முதல் நாள் மலைச்சரிவில் வந்து நின்ற மேகத்தை அவளிடம் தூது அனுப்புகிறான். விதிசையில் வேத்ரவதி ஆற்றின் நீரைக் குடி, பக்கத்துக் குன்றில் கொஞ்சம் இளைப்பாறு என்று வழி சொல்லிக்கொண்டே வருபவன், ஓரிடத்தில் கெஞ்சவே தொடங்குகிறான். வடக்கே போகிற உனக்குச் சுற்றுவழிதான், ஆனாலும் உஜ்ஜயினியைப் பார்க்காமல் போய்விடாதே என்கிறான். காளிதாசர் குப்தர் காலத்தவர் என்பதே அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. சிற்பமும் கவிதையும் வானநூலும் ஒருசேரத் தழைத்த அந்தக் காலத்தின் மண்ணை மிதிக்க வேண்டும், அதுவும் மேகம் போன வழியிலேயே போக வேண்டும் என்று மனதில் ஒரு கணக்கு இருந்தது. அதனால் ஆனி மாதத்தில் கிளம்பினோம். முதலில் விதிசை, அப்புறம் உஜ்ஜயினி.

சென்னையிலிருந்து ரயிலில் போபால், அங்கிருந்து காரில் விதிசை. வேத்ரவதியை இப்போது பேத்வா என்கிறார்கள். மழை இன்னும் பிடிக்காததால் ஆறு ஒடுங்கிக் கிடந்தது. அதைத் தாண்டிச் சில நிமிடங்களில் உதயகிரி வந்துவிட்டது. பெரிய மலையெல்லாம் இல்லை, வயல்களுக்கு நடுவே நீளப் படுத்திருக்கும் மணற்கல் குன்று. அதில் 20 குடைவரைகள். மேகம் இளைப்பாறிய குன்று இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு.

ஐந்தாம் எண் குடைவரை என்று பெயரே தவிர, அது குகை இல்லை. பாறையில் ஆழமில்லாமல் வெட்டிய பெரிய மாடம். ஏறக்குறைய 7 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். அதை நிறைத்து நிற்கிறார் வராகர். மனித உடல், பன்றி முகம். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, மறு கால் நாகத்தின் சுருள் மேல் இருக்கிறது. மாலை முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது. தந்தத்தைப் பற்றிக்கொண்டு தொங்கும் பூமாதேவி அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணைப் போல் இருக்கிறாள். அவள் கால்கள் காற்றில் நிற்கின்றன.

தூரத்தில் இருந்து பார்த்தபோது பின்சுவர் முழுக்கச் சொரசொரப்பாக இருப்பது போலத்தான் தெரிந்தது. கிட்டே போனதும்தான் அத்தனையும் ஆட்கள் என்று புரிந்தது. வரிசை வரிசையாக ரிஷிகள், தேவர்கள். ஒரு ரிஷி என் கையளவுகூட இருக்கமாட்டார், ஆனால் தாடி தனியாகத் தெரிகிறது. அவர்களுக்குக் கீழே வளைவு வளைவாகக் கீறிய கோடுகள், கடல் அலைகள். இரண்டு பக்கச் சுவர்களிலும் கங்கையும் யமுனையும் மகரத்தின் மேலும் ஆமையின் மேலும் நின்றபடி இறங்கி வந்து ஒன்றாகிறார்கள். அவர்களை எதிர்கொண்டு கையில் குடத்தோடு கடலரசன் நிற்கிறான். வராகரின் உடம்பு வழவழப்பாக, வீங்கிய மூச்சோடு இருக்கிறது. அந்த ரிஷிகளோ உளியின் நுனியால் எழுதிய எழுத்துப் போல இருக்கிறார்கள். ஒரே பாறையில் இந்த இரண்டு கைகளும் எப்படி வேலை செய்தன என்று யோசித்தபடி வெகுநேரம் நின்றேன்.

அம்மா கைகூப்பியபடியே சொன்னார்: "மாமல்லபுரத்துல அவ அவர் மடியில வந்து உக்காந்துட்டா. இங்க இன்னும் தூக்கிக்கிட்டே இருக்காரு."

மாமல்லபுரத்து வராகம் இதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பிந்தியது. இரண்டையும் பார்த்த கண்ணுக்கு அம்மா சொன்ன வித்தியாசம்தான் முதலில் படுகிறது. இரண்டாம் சந்திரகுப்தர் பூமியை மீட்ட பெருமையைத்தான் இந்தச் சிற்பம் சாடையாகச் சொல்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இருக்கலாம். ஆனால் அரசனைப் புகழ்வதற்காக மட்டும் அவ்வளவு சின்ன ரிஷிக்கு ஒரு சிற்பி தாடி செதுக்கியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் ஆறாம் குடைவரை. வாசலில் துவாரபாலகர்கள், விஷ்ணு, மகிஷனை வதைக்கும் துர்க்கை, ஒரு விநாயகர். அங்கே குப்த ஆண்டு 82 என்று கல்வெட்டு இருக்கிறது, அதாவது பொ.ஆ. 401-402. காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய பிள்ளையார்களில் இவர் ஒருவர் என்று சொன்னதும், அம்மா அந்த வெயிலில் மூன்று தோப்புக்கரணம் போட்டார். காவலாளி ஓடிவந்து "மாதாஜி, போதும், போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நாலாம் குடைவரையின் பூட்டைத் திறந்துவிட்டவரும் அவர்தான். உள்ளே ஒருமுக லிங்கம். நெற்றியில் மூன்றாவது கண், உச்சியில் முடிந்த சடை, அதிலிருந்து பிரிந்து தோளில் விழும் கற்றைகள். பூசை கிடையாது, விளக்கும் இல்லை. அம்மா மெதுவாகத் தாண்டகத்தைப் பாடத் தொடங்கினார். குகை சின்னது, குரல் அதற்குப் போதுமானதாக இருந்தது.

நான் தேடிப் போனது ஏழாவதை. தலையில் தோசைக்கல் மாதிரி ஒரு தட்டைப் பாறை கிடப்பதால் அதைத் 'தவா' குகை என்கிறார்கள். உள்ளே கூரையில் பெரிய தாமரை, பின் சுவரில் ஒரு கல்வெட்டு. வெட்டியவர் பெயர் வீரசேனர், சாபர் என்றும் சொல்வார்கள். சந்திரகுப்தரின் அமைச்சர். சொல், பொருள், நியாயம், உலகியல் எல்லாம் அறிந்தவர், கவி, பாடலிபுத்திரத்துக்காரர் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. உலகையே வெல்லக் கிளம்பிய அரசனோடு இங்கே வந்தாராம். வந்த இடத்தில், பக்தியினால், சம்புவுக்கு ஒரு குகை எடுத்தாராம்.

அந்தப் 'பக்தியினால்' என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அரசன் பரம பாகவதன், அதாவது விஷ்ணு பக்தன்; அமைச்சர் சிவபக்தர். போர்ப் பயணத்தின் நடுவில் அரசனுடைய தெய்வம் ஒரு மாடத்தில், அமைச்சருடைய தெய்வம் அடுத்த குகையில். ஒரு தலைமுறை தள்ளி, குமாரகுப்தர் காலத்தில், இதே குன்றின் இருபதாம் குகையில் பார்சுவநாதரையும் செய்து வைத்திருக்கிறார்கள். குப்தர் காலத்தைப் பொற்காலம் என்று பள்ளியில் படித்தபோது பொன் நாணயங்கள்தான் நினைவுக்கு வந்தன. இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் இலக்கணமும் தர்க்கமும் படித்த ஒரு மனிதர், ராஜாங்க வேலையாக வந்த ஊரில் சாமிக்கு ஒரு குகை வெட்டி, தன் பேரை எழுதிவைத்துவிட்டுப் போனதுதான் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் போனது ஜூன் 21. உதயகிரி கடக ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. பகல் பன்னிரண்டேகால் தாண்டியபோது மேகம் விலகியிருந்தது. அம்மாவின் கைத்தடியை வாங்கிப் பாறையில் செங்குத்தாக நிறுத்தினேன். நிழல் சுருங்கிச் சுருங்கித் தடியின் காலடியிலேயே ஒடுங்கிவிட்டது. ஒரு விரல் நீளம்கூட வெளியே நீளவில்லை. இந்தக் குன்றின் வெட்டுவழியே இந்த நாளின் சூரிய உதயத்தைக் கணக்கிட்டு அமைந்தது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நட்டு வைத்த குச்சியின் நிழலை வைத்துத்தான் அந்தக் காலத்தில் திசையும் நேரமும் பார்த்தார்கள், அதற்குச் 'சங்கு' என்று பேர் என்றேன்.

ஆரியபட்டரைப் பற்றிப் பேச்சு வந்தது அப்போதுதான். கலியுகத்தில் 3600 ஆண்டு முடிந்தபோது எனக்கு வயது 23 என்று அவரே எழுதியிருக்கிறார், அது பொ.ஆ. 499. "நாம சங்கல்பத்துல சொல்ற கலியுகத்தை வச்சா தன் வயசையே சொல்லியிருக்காரு?" என்று அம்மா வியந்து போனார். தினமும் பஞ்சாங்கம் பார்க்காமல் காபி குடிக்காதவர். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் நகர்வதுபோல் தெரிகிறதே, அப்படித்தான் அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறது, சுற்றுவது பூமிதான் என்று அந்த இளைஞர் எழுதியதைச் சொன்னேன். அம்மா தடியை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

கிளம்பும்போது இன்னொன்றும் மனதில் ஓடியது. தில்லி குதுப் வளாகத்தில் துருப்பிடிக்காமல் நிற்கும் இரும்புத் தூண், 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. சந்திரன் என்ற அரசன் விஷ்ணுபதம் என்ற குன்றில் திருமாலுக்குக் கொடிமரமாக அதை நிறுத்தினான் என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் குன்று உதயகிரிதான் என்பது சிலரின் கருத்து. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. மணிமேகலையில் தமிழ்க் கைவினைஞரோடு சேர்ந்து வேலை செய்த 'அவந்திக் கொல்லர்' வருகிறார்களே, அந்த அவந்திதான் உஜ்ஜயினி நாடு. இந்தப் பக்கத்துக் கொல்லர்களின் பேர் தமிழ்நாடு வரை தெரிந்திருக்கிறது.

உஜ்ஜயினி போய்ச் சேர இரவாகிவிட்டது. மகாகாலேஸ்வரர் கோயிலின் திருநீற்று வழிபாடான பஸ்ம ஆரத்திக்கு முன்பே பதிவு செய்திருந்தோம். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும், நள்ளிரவிலேயே வரிசையில் நிற்க வேண்டும். ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குப் புடவை. அம்மாவுக்கு உட்கார ஓர் இடம் கிடைக்குமா என்பதுதான் என் கவலை. முன்பின் தெரியாத ஒரு மார்வாடிப் பாட்டி நகர்ந்து இடம் விட்டார். இருவருக்கும் பொது மொழி இல்லை. ஆரத்தி முடியும் வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போதிருக்கும் மகாகாலேஸ்வரர் கோயில் குப்தர் காலத்துக் கட்டடம் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் இடிபட்டது, 18ஆம் நூற்றாண்டில் மராட்டியர் காலத்தில் மீண்டும் எழுந்தது. கல் மாறியிருக்கிறது. வழிபாடு மாறவில்லை என்று எனக்குப் பட்டது. மகாகாலர் தெற்கு பார்த்தவர். கருவறை தரைமட்டத்துக்குக் கீழே. அபிஷேகமும் அலங்காரமும் முடிந்து, திருநீற்றைத் துணியில் முடிந்து லிங்கத்தின் மேல் தட்டத் தட்ட, அது புகையாகக் கிளம்பி விளக்கொளியையே மூடிவிட்டது. அந்த நேரத்தில் பெண்கள் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். அம்மா முந்தானையால் மூடிக்கொண்டார். முரசுச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது.

அந்தப் புகைக்குள் எனக்கு வராகமிஹிரர் நினைவு வந்தார். அவந்தியைச் சேர்ந்த வானநூலார். அவர் பஞ்சசித்தாந்திகைக் கணக்கைத் தொடங்கும் ஆண்டு 505. ஐந்து சித்தாந்தங்களைத் தொகுத்தார், அதில் ஒன்றின் பெயர் ரோமக சித்தாந்தம். யவனர்கள் மிலேச்சர்களானாலும் இந்தச் சாத்திரம் அவர்களிடம் நிலைபெற்றிருப்பதால் ரிஷிகளைப் போலப் போற்றப்படுகிறார்கள் என்று எழுதியவர். சந்திர கிரகணம் பூமியின் நிழலால் வருவது என்று விளக்கிய அதே பிருகத் சம்ஹிதையில், மழைக் குறிகள், நிலத்தடி நீர், கோயில் அமைப்பு, திருமேனி இலக்கணம் எல்லாம் வருகின்றன. எந்தத் தெய்வத்தை யார் பிரதிஷ்டை செய்ய வேண்டும் என்று சொல்லும் இடத்தில், விஷ்ணுவுக்குப் பாகவதர்கள், சூரியனுக்கு மகர்கள் என்னும் சூரிய பூசகர்கள், சம்புவுக்குத் திருநீறு பூசிய அந்தணர்கள் என்கிறார். அவருடைய நாட்டில், திருநீறு பறக்கும் சன்னிதியில் உட்கார்ந்து அதை நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அவருக்கு நட்சத்திரக் கணக்கும் மழையும் சாமியும் ஒரே ஏட்டில் அடங்கின.

பகலில் சிப்ரா நதிக்கரை, ஹரசித்தி கோயில், கட்காலிகா கோயில். காளிதாசர் வணங்கிய காளி என்று மக்கள் சொல்வது கட்காலிகாவைத்தான். அப்புறம் வேதசாலை என்கிற வானாய்வுக்கூடம். அது ஜெய்ப்பூர் அரசர் இரண்டாம் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. பழைய வானநூலார் தீர்க்கரேகைக் கணக்கை உஜ்ஜயினி வழியாகப் போகும் கோட்டிலிருந்துதான் தொடங்கினார்கள். வானம் மூடியிருந்ததால் சங்கு யந்திரத்தில் நிழலே விழவில்லை. அம்மா அதைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார்.

சாயங்கால ஆரத்திக்கு மறுபடியும் போனோம். சூரியன் கண்ணிலிருந்து மறையும் வரை மகாகாலத்தில் காத்திரு, சந்தியா பூசையில் உன் இடியையே முரசாக முழக்கு, உன் முழக்கத்துக்குப் பலன் கிடைக்கும் என்று யக்ஷன் மேகத்திடம் சொல்கிறான். இடி எதுவும் இடிக்கவில்லை. மணியும் டமருவும் முழங்க, கூட்டத்தோடு சேர்ந்து நானும் கத்தினேன். பக்கத்தில் அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். தாண்டகத்தில் 'உஞ்சேனை மாகாளம்' வரும் பாட்டுக்கு வந்திருந்தார். அந்தப் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

விடுதிக்குத் திரும்பியதும் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். காலையில் கிடைத்த திருநீற்றைக் காகிதத்தோடு மடித்து ஆனி மாதப் பக்கத்தில் வைத்து மூடினார். "நாளைக்கு திதி என்னன்னு பாக்கணுமே" என்று உடனே மறுபடியும் திறந்தார்.