முன்னச்சுக்கு எவ்வளவு, பின்னச்சுக்கு எவ்வளவு

2024 அக்டோபர் 5, சனி
டென்டன், டெக்சாஸ்

இன்னும் இரண்டு வாரத்தில் பேலோ டியூரோ பள்ளத்தாக்குக்குப் புறப்படுகிறோம். அதற்குள், நாங்கள் தங்கும் டிரெய்லரைப் பிக்கப்போடு இணைக்கும் ஹிட்சைச் சரிசெய்துவிட வேண்டும். சென்ற மாதம் 287ஆம் நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்தபோது, டிரெய்லர் பிக்கப்பின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது. ஸ்டியரிங்கில் எதுவும் தெரியவில்லை. இருக்கைக்கு அடியில்தான் தெரிந்தது.

பார்வைக்குக் குறையே இல்லை. பிக்கப்பும் மட்டம், டிரெய்லரும் மட்டம். பல காலமாக டிரெய்லர் இழுத்துப் பழகிய எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அருமையாக நிற்கிறதே, இதைப் போய் ஏன் தொடுகிறாய்?" என்று கேட்டார். மட்டமாக நிற்பது வேறு, எந்தச் சக்கரத்தில் எத்தனை பவுண்டு இறங்கியிருக்கிறது என்பது வேறு. நாளைக்கு எடை மேடை.

அக்டோபர் 6, ஞாயிறு

நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்தில் கேட் ஸ்கேல் எடை மேடை இருக்கிறது. 1977இல் அயோவாவின் வால்காட்டில் லாரிக்காரர்களுக்காகத் தொடங்கியது. நம்மைப் போன்றவர்களையும் விரட்டுவதில்லை. தனித்தனிப் பலகைகள் இருப்பதால் முன்னச்சு ஒன்றில், பின்னச்சு அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்கும். முதல் சீட்டுக்குப் பிறகு அதே நாளில் மறுபடி நிறுத்தினால் கட்டணம் குறைவு. பிள்ளைகள், கிரைண்டர், நிறைந்த பெட்ரோல் டேங்க் எல்லாவற்றோடும் போனோம். பயணத்தில் இருக்கும் பாரம் மேடையிலும் இருந்தால்தான் கணக்குக்கு உதவும்.

பிக்கப் மட்டும்: முன்னச்சு 3,300 பவுண்டு, பின்னச்சு 2,700.
டிரெய்லரை மாட்டி, ஸ்பிரிங் கம்பிகளை (பின்னச்சின் சுமையை மற்ற அச்சுகளுக்குப் பகிர்ந்து கொடுக்க ஹிட்சில் இருப்பவை) கழற்றிவிட்டு: முன் 2,960, பின் 3,840, டிரெய்லர் 5,600.
கம்பிகளோடு, விற்பனை நிலையத்தில் பொருத்திக் கொடுத்த நிலையில்: முன் 3,300, பின் 3,260, டிரெய்லர் 5,840.

முதல் இரண்டு வரிகளைக் கழித்தால் முன்பாரம், அதாவது டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் மேல் அழுத்தும் எடை, கிடைத்துவிடும். பிக்கப்பின் எடை 6,000இலிருந்து 6,800 ஆகியிருக்கிறது. ஆக 800 பவுண்டு. இதையும் 5,600ஐயும் சேர்த்தால் டிரெய்லரின் மொத்த எடை 6,400; அதில் இது எட்டில் ஒரு பங்கு. பத்து முதல் பதினைந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மாட்டுவண்டி ஓட்டுகிறவர் பின்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். டிரெய்லரில் முன்பாரம் குறைந்தால் வால் ஆட ஆரம்பிக்கும். எனக்கு முன்பாரத்தில் குறையில்லை. அப்படியானால் கோளாறு கம்பியில்தான்.

கம்பிகள் இல்லாமல் ஓட்டுவதும் நடக்காது. கதவோரத்து ஒட்டுச்சீட்டில் பின்னச்சுக்கு 3,800தான் எல்லை. 3,840 அதைத் தாண்டிவிட்டது. முன்னச்சோ 340 பவுண்டை இழந்திருக்கிறது. ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் நம்பியிருக்கும் எடை அது.

இரவு கைப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். என் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு அது சொல்வது: முன்னச்சு இழந்ததில் பாதியை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். என் ஹிட்ச் முழுவதையும் திருப்பிக் கொடுத்திருக்கிறது. முன்பக்கம் பழைய உயரத்துக்கே இறங்க வேண்டும் என்பது பழைய விதி, பெரியவர் சொல்வதும் அதுதான். ஆனால் முன்னச்சுக்கு அள்ளிக் கொடுப்பதெல்லாம் பின்னச்சிலிருந்து எடுப்பது. பின் டயர்களின் பிடி தளர்ந்திருக்கும் நேரத்தில் டிரெய்லர் தள்ளினால், அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொள்ள அங்கே போதுமான எடை இருக்காது.

அக்டோபர் 9, புதன்

அலுவலகத்தில் ஒருவர், கம்பி போட்டதும் முன்பாரம் குறைந்துவிடும் என்று சாதித்தார். குறையாது. டிரெய்லரின் மூக்கு வந்து அமரும் ஹிட்ச் பந்தின் அடியிலிருந்து பின்னோக்கி நீளும் கம்பிகளின் முனையைச் சங்கிலியால் டிரெய்லர் சட்டத்தோடு இழுத்துக் கட்டும்போது இணைப்பு விறைக்கிறது. பின்னச்சின் சுமையில் ஒரு பங்கு முன்னச்சுக்கும் இன்னொரு பங்கு டிரெய்லரின் அச்சுகளுக்கும் போகிறது, அவ்வளவுதான். 1960களில் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம், முன்சக்கரங்களால் இயங்கும் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அதைக் கொண்டே டிரெய்லரை இழுத்துக் காட்டியது. காரின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தவை இந்தக் கம்பிகள்தான். விளம்பரத்துக்கு நல்லது. இதைப் பார்த்து இறுக்க இறுக்க நல்லது என்று நினைத்தவர்கள் எத்தனை பேரோ.

அக்டோபர் 12, சனி

பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில் சமதளம் கிடைத்தது. இனி அளவுநாடாவே போதும். முன்சக்கர வளைவின் உயரம், பிக்கப் தனியாக நிற்கும்போது 37 அங்குலம். கம்பியில்லாமல் டிரெய்லரை மாட்டினால் 37¾. எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில், 37⅜.

சங்கிலியில் ஒரு கண்ணி தளர்த்தினேன். 37⅝ வந்தது; பாதிகூடத் திரும்பவில்லை. கண்ணி பெரிய அடி, நுணுக்கத்துக்கு, பந்தைத் தாங்கும் ஹிட்ச் தலையின் சாய்வுதான். அதைத் தீர்மானிப்பவை உள்ளே இருக்கும் வாஷர்கள்: கூடினால் தலை பின்னோக்கிச் சாய்ந்து கம்பி இறுகும், குறைந்தால் தளரும். கண்ணியைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டு, தலையைக் கழற்றி ஒரு வாஷரை எடுத்தேன். 37⅜.

கம்பியைப் பூட்டும்போதும் விடுவிக்கும்போதும் ஜாக்கியால் டிரெய்லரின் முன்பக்கத்தையும் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்திக்கொள்ள வேண்டும். அப்போது கம்பியில் விசை இருக்காது. உயர்த்தாமல் கடப்பாரை போட்டு நெம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொக்கி திடீரென்று விடுபட்டால் கை எலும்பு மிஞ்சாது. பிள்ளைகளை எதிர்ப்புறம் நிற்கச் சொன்னேன்.

தலையின் போல்ட்டுகளை முறுக்குவிசைக் குறட்டால் குறித்த அளவுக்கு இறுக்கினேன். பந்தின் மரைக்கு அது போதாது. 1¼ அங்குலத் தண்டுள்ள பந்துக்கு 400 பவுண்டு-அடிக்கு மேல் கேட்கிறார்கள். லாரி டயர் கடைக்காரர் ஆள் உயரக் குறடு ஒன்றைக் கொண்டு வந்து முடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மாலையில் மறுபடி எடை மேடை: முன் 3,140, பின் 3,540, டிரெய்லர் 5,720. முன்னச்சுக்குப் பாதியைவிட ஒரு பிடி கூடுதல். பின்னச்சு எல்லைக்குள். இதை மாற்றப் போவதில்லை. பெரியவர் சீட்டைப் படித்துவிட்டு, "முன்பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கிறது" என்றார். இருக்கட்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

பொருட்களை ஏற்றினோம். "தண்ணீரை இங்கேயே நிரப்பிக்கொள்ளலாமே" என்றாள் மனைவி. எங்கள் தொட்டி அச்சுகளுக்குப் பின்னால் இருக்கிறது. 40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல். நிரப்பினால் முன்பாரம் குறைந்து கணக்கே மாறிவிடும். அங்கே போய் நிரப்பிக்கொள்ள முடிவானது. கிரைண்டர் பிக்கப்பிலேயே இருக்கிறது. அதில் மறுபேச்சு இல்லை.

அக்டோபர் 19, சனி
பேலோ டியூரோ

விசிட்டா ஃபால்ஸ் வரை அமைதி. சில்ட்ரஸ் தாண்டியதும் தெற்கிலிருந்து பக்கக்காற்று. காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. லாரிகள் கடக்கும்போது இப்போதும் ஒரு தள்ளல் உண்டு; அதை எந்த ஹிட்சும் ஒழிக்காது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான்: தள்ளியது, அத்தோடு நின்றது. ஆடவில்லை. டிரெய்லர் டயர்களுக்காக வேகம் மணிக்கு 65 மைலைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு வருத்தம்தான்.

பூங்காவுக்குள் இறங்கும் பாதை பத்து சதவீதச் சரிவு, கூர்மையான திருப்பங்கள். கீழ் கியரில் இறங்கினேன். முன்சக்கரங்கள் சொன்ன பக்கம் திரும்பின, பிரேக்கில் தடுமாற்றமில்லை. கீழே ஆற்றைக் குறுக்கே கடக்கும் தாழ்வான இடங்களில் கம்பிகள் முனகின. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அவற்றில் விசை ஏறும் என்பதால் நடை வேகத்தில் போனேன்.

இடத்தில் நிறுத்தி, ஜாக்கியை உயர்த்தி, கம்பிகளைக் கழற்றிவிட்டு, தொட்டியில் தண்ணீர் பிடித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை கிளம்பும் முன் அதை வடிக்க வேண்டும். முன்சக்கர வளைவையும் ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும்; சாப்பாட்டுச் சாமான் குறைந்திருக்கும், பிள்ளைகள் பொறுக்கும் சிவப்புக் கற்களை மட்டும் வண்டியில் ஏற்ற விடப் போவதில்லை, பூங்கா விதியும் அதைத்தான் சொல்கிறது.