சாங்கிச் சிறையின் வரலாற்றைத் தேடுவோருக்கு

சிங்கப்பூரின் சாங்கி பற்றி எதைப் படித்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த இடம், எந்த மாதம்? இந்த இரண்டில் பிசகினால் பின்னால் வருவதெல்லாம் பிசகும்.

1936இல் பிரிட்டிஷார் கட்டிய சிறையில் ஏறக்குறைய 600 பேருக்குத்தான் இடம். 1942இல் ஜப்பானியர் அதற்குள் திணித்தது படைவீரர்களை அல்ல, பொதுமக்களை. சுமார் 3,000 பேர். சரணடைந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் இருந்தது செலராங் போன்ற பக்கத்து ராணுவ முகாம்களில். அவர்களைச் சிறைக்கு மாற்றியது 1944 மே மாதத்தில்தான். ஆகவே 1942ஐக் குறிப்பிட்டு, ‘சாங்கிச் சிறையில் போர்க்கைதிகள்’ என்று யார் எழுதினாலும் நின்று நிதானித்துப் படியுங்கள். இந்தியப் படையினரைத் தனியாகப் பிரித்து 1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஃபேரர் பார்க்கில் கூட்டினார்கள். குடும்பத்தில் ‘தாத்தா சாங்கியில் இருந்தார்’ என்று பேச்சிருந்தால், கைதியாகவா காவலராகவா என்பதையும் கேட்டே ஆகவேண்டும்.

கேட்கக் கூச்சமான கேள்விதான், ஆனால் காரணம் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் இறுதியில், தப்பியோட மாட்டோம் என்று கையெழுத்திட மறுத்த 15,000க்கும் மேற்பட்ட கைதிகளைச் செலராங் சதுக்கத்தில் அடைத்தார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி, தப்ப முயன்ற நால்வரைக் கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள், சரணடைந்த இந்தியப் படையிலிருந்து ஜப்பானியர் பக்கம் நின்ற இந்திய தேசிய ராணுவத்துக்குப் போயிருந்த காவலர்கள். முதல் சுற்றில் உயிர் போகவில்லை, மறுபடி சுட்டார்கள். நேதாஜியைக் கொண்டாடும் நம் மேடைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

நேரில் பார்க்க தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 2ஆம் எண் பேருந்து ஏறினால் போதும். அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் சிறைச் சுவரும் அருங்காட்சியகமும் ஒரே வழியில் வரும். பழைய சிறையை 2004இல் இடித்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து எதிர்ப்பு வலுத்ததால் 180 மீட்டர் சுவர், இரண்டு காவல் கோபுரங்கள், நுழைவாயில் ஆகியவை மட்டும் தப்பின. 2016 பிப்ரவரியில் இவை 72ஆவது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. வாயிற்கதவு இப்போது இருக்கும் இடம் அதன் அசல் இடம் அல்ல. பெயர்த்துக் கொண்டுவந்து சுவரில் பொருத்தியது. பின்னால் இயங்குவது நடப்புச் சிறை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

சாங்கி தேவாலய அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். தீப்பெட்டிக்குள் ஒளித்து வைத்த மோர்ஸ் கருவியின் முன் நேரம் செலவழியுங்கள். முற்றத்துத் தேவாலயம் நகல். போர்க்காலத்து அசல் தேவாலயம் ஒன்று ஆஸ்திரேலியாவின் டன்ட்ரூனில் இருக்கிறது.

போருக்குப் பிந்தைய கதைக்கு அருங்காட்சியகம் போதாது, செய்தித்தாள்தான் வழி. தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் உள்ளன. பழைய அச்செழுத்தும் மாறி மாறி வரும் ஊர்ப்பெயர்களும் சொல் தேடலைக் கவிழ்த்துவிடும். அதனால் தேதியைப் பிடித்து, சம்பவத்துக்கு மறுநாள் இதழிலிருந்து புரட்டுங்கள். மக்கள் செயல் கட்சியைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவர்கள் தேவன் நாயர், உட்ஹல், லிம் சின் சியோங் உள்ளிட்ட எட்டுப் பேர் சாங்கியிலிருந்து விடுதலையானது 1959 ஜூன் 4. அவர்கள் வெளியே வராமல் பதவியேற்க மாட்டேன் என்று தேர்தலில் வென்ற லீ குவான் இயூ சொல்லியிருந்தார். கைதிகளைக் குடியமர்த்தியிருந்த புலாவ் செனாங் தீவில் நடந்த கலவரம் 1963 ஜூலை 12. அந்த வழக்கில் 18 பேரைச் சாங்கியில் தூக்கிலிட்டது 1965 அக்டோபர் 29. சில பக்கங்கள் வீட்டுக் கணினியில் திறக்காது, நூலகத்துக்குப் போகத்தான் வேண்டும். கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. குறிப்பெடுக்கும்போது ஒலிநாடாவின் ரீல் எண்ணைச் சேர்த்து எழுதாவிட்டால் அந்த வரியை மறுபடி கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சாங்கியில் இன்றும் நிறைவேற்றப்படும் மரண தண்டனை விவகாரத்தில் தீர்ப்பைப் படிக்காமல் யார் பக்கமும் சாயாதீர்கள். மலேசியரான நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெராயினுடன் 2009இல் பிடிபட்டார். 15 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனை. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்பது பிரசாரத்தில் முன்னின்றது. தான் செய்வது இன்னதென்று தெரிந்தே செய்தார் என்பது நீதிமன்றத்தின் முடிவு. 2022 ஏப்ரல் 27ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். 2013 முதல் நடப்பில் உள்ள சட்டத்திருத்தம், விலக்குக்கு முதலில் வெறுமனே கடத்தி வந்தவராக இருக்கவேண்டும் என்கிறது; அதோடு, விசாரணைக்குக் கணிசமாக உதவியதாக அரசுத் தரப்பு சான்றளிக்கவேண்டும், அல்லது மனநிலைக் கோளாறால் பொறுப்புணர்வு பெரிதும் குன்றியிருக்கவேண்டும். இவர் வழக்கில் வாதத்தின் பெரும்பகுதி அந்த மனநிலை நிபந்தனையைச் சுற்றித்தான் நடந்தது. எண் 69ஐ மட்டும் வைத்துப் பேசுவோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். தேடும்போது நம் உச்சரிப்புப்படி பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. மலேசிய அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் அப்படியே வேண்டும், நடுவில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன் என்பதன் மலாய்ச் சுருக்கம்) வரும். தகப்பனார் பெயரை மட்டும் போட்டுப் பார்ப்பதும் பலன் தரும். ஆண்டுதோறும் சிறைத்துறை வெளியிடும் புள்ளிவிவரத்தில் நிறைவேற்றிய மரண தண்டனைகளின் எண்ணிக்கை இருக்கும் (2022இல் 11). சமூக ஊடகத்தில் வரும் எண்ணை முதலில் அதோடு ஒப்பிடுங்கள்.