பதினைந்தாம் வசனம்

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, பன்னிரண்டு மணி அடித்து, எல்லோரும் கைகொடுத்து வாழ்த்திக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் ஒரு தட்டு வைத்திருப்பார்கள். அதில் கவிழ்த்துப் போட்ட வாக்குத்தத்த அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம். ஆளுக்கு ஒன்று எடுக்கலாம், வருகிற அட்டைதான் அந்த வருஷத்துக்கான வசனம். 2010 முடிந்து 2011 பிறந்த ராத்திரி எனக்கு வந்தது யாத்திராகமம் 14:14. “கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்.” என் மனைவி வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தாள். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கிறவனுக்குச் சும்மாயிருக்கச் சொல்லி வசனமா?

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு இடமாகப் போய் நின்று, கெஞ்சி, சண்டை போட்டு, பெட்டி தூத்துக்குடியில் கப்பல் ஏறும் வரைக்கும் துரத்திக்கொண்டே இருக்கிற ஆளுக்குப் பெயர்தான் மெர்ச்சண்டைசர். எங்களுக்குத் தெரிந்த ஒரே விசுவாசம் போன். நாலு தடவை கூப்பிட்டால் நடக்காதது நாற்பது தடவை கூப்பிட்டால் நடக்கும்.

நான்கு வாரம் கூட ஆகவில்லை. ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது நிற்காததால், திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். கரண்டையும் துண்டிக்கச் சொல்லிவிட்டார்கள். ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது ஒரு சொட்டு கழிவுகூட வெளியே போகக் கூடாது என்ற உத்தரவு வருஷக்கணக்காகவே இருந்ததுதான், யாரும் அதை முழுசாகச் செய்யவில்லை என்பதும் ஊருக்கே தெரிந்ததுதான். ஆனாலும் இப்படி ஒரே நாளில் எல்லாம் நிற்கும் என்று எங்களில் ஒருத்தரும் எதிர்பார்க்கவில்லை.

அப்போது என் கையில் ஜெர்மனி ஆர்டர் ஒன்று இருந்தது. குழந்தைகள் டீ ஷர்ட், 18,000 பீஸ், ஐந்து கலர். நேவியும் சிவப்பும் முன்னமே சாயம் ஏறி வந்துவிட்டன. ஸ்கை ப்ளூ, மஞ்சள், பச்சை மூன்றுக்கும் நிட்டிங் ஓட்டிய துணி, ஒன்றரை டன், வெறும் பஞ்சு நிறத்தில் குடோனில் கிடந்தது. மார்ச் மூன்றாவது வாரம் வெசல், அதாவது கப்பல்.

சும்மாயிருக்கவில்லை நான். ஈரோடு, சேலம் என்று தெரிந்த பட்டறைக்கெல்லாம் போனேன். எனக்கு முன்னாலேயே பாதி திருப்பூர் அங்கே துணியோடு நின்றுகொண்டிருந்தது. ஸ்கை ப்ளூவை மட்டும் லாரி ஏற்றி லூதியானாவுக்கு அனுப்பினோம், போகவே ஒரு வாரம். திரும்பி வந்த ரோல்களை நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது, ரோலுக்கு ரோல் ஒரு நீலம். ஆர்டர் கொடுத்த பையர் ஓகே செய்த லேப் டிப்போடு, அதாவது சாய மாதிரித் துணியோடு, ஒன்றுகூடச் சேரவில்லை. ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும், தண்ணீர் மாறினால் அதே ரெசிப்பி வேறு ஷேட் கொடுக்கும், இது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

இந்த மூன்று வாரமும் ஜெர்மனிக்கு நான் அனுப்பிய மெயில்களைத்தான் இன்றைக்கும் நினைக்கக் கூச்சமாக இருக்கிறது. “துணி ப்ராசஸில் இருக்கிறது.” “அடுத்த வாரம் கட்டிங் தொடங்கும்.” காலையில் வீட்டில் முழங்காலில் நின்று வாக்குத்தத்தத்தைச் சொல்லி ஜெபித்துவிட்டு, பத்து மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து இதை டைப் செய்வேன். இரண்டும் இடிக்கிறதே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி கடைசியில் ஒரு புரோக்கர் வந்தார். மெதுவான குரல், சிரித்த முகம். “ஒண்ணும் கவலப்படாதீங்க சார், நைட்டுல ஓட்டிக் குடுத்தர்றோமுங்க. காலைல வண்டி உங்க கேட்ல நிக்கும்.” எங்கே என்று கேட்டதற்கு, “அது எதுக்குங்க உங்களுக்கு” என்றார். ஜெனரேட்டர் வைத்து ராத்திரியில் ஓட்டி, கழிவை விடிவதற்குள் ஆற்றில் விட்டுவிடுகிற வேலை, புரியாமல் இல்லை. முதலாளியிடம் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. “எனக்கு வெசல் புடிக்கோணும். மத்தது நீயே பாத்துக்கப்பா.” நாளைக்கு வண்டி அனுப்புகிறேன் என்று புரோக்கருக்குச் சொல்லிவிட்டேன். ஆமாம், சொல்லிவிட்டேன். இந்த இடத்தை நல்லவிதமாக மாற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அன்று சாயங்காலம் செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா, ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து ஊர்க்காரர், டீ குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். பட்டறை மூடினதில் அவர் வீட்டுக்காரருக்கும் வேலை போயிருந்தது. அதைச் சொல்லிப் புலம்பிவிட்டு, “ஆனா தம்பி, எங்கப்பாரு தோட்டத்துல எளநி வெட்டிக் குடிச்சா உப்புக் கரிக்கும், அந்தக் கெணத்துத் தண்ணியக் கண்ட மாடு மூஞ்சியத் திருப்பிக்கும். மூடுனது தப்புன்னு எப்படிச் சொல்றது?” என்றார். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. நாங்கள் விட்ட சாயத் தண்ணீர் போய்த் தேங்கியதும் அங்கேதான். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை, என் வண்டி விஷயம் அவருக்குத் தெரியாது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பர்ஸிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதமாகச் சுமக்கிறேனே தவிர, அந்த வசனம் எங்கே வருகிறது என்று வேதத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. அன்றுதான் திறந்தேன். முன்னால் செங்கடல், பின்னால் பார்வோனின் இரதங்கள், நடுவில் எகிப்திலிருந்து தப்பி வந்த ஜனங்கள், அதெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே தெரிந்த கதை. தெரியாமல் இருந்தது பதினைந்தாம் வசனம். “நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு.” சும்மாயிருங்கள் என்று மோசே சொல்லி மூச்சு விடுவதற்குள் புறப்படு என்கிறார் கர்த்தர். அட்டையில் இடம் போதாமல் விட்டுவிட்டார்கள்போல.

எங்கே புறப்படுவது? ஈரோடு போயாயிற்று, சேலம் போயாயிற்று, லூதியானாவுக்கும் அனுப்பியாயிற்று. நான் போகாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது, ஆர்டர் கொடுத்த ஜெர்மனிக்காரியிடம் உண்மையைச் சொல்வது. அதுதான் எனக்குக் கடல். முதலில் புரோக்கருக்குப் போன் போட்டு வண்டி வராது என்றேன். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். கோர்ட் உத்தரவு, லூதியானா நீலம், மூன்று வாரமாக நான் எழுதிய பொய், எல்லாம். மணி இரண்டரை இருக்கும். அனுப்பிவிட்டுப் படுத்தேன், தூங்கியும் விட்டேன்.

பதில் நான்கு நாள் வரவில்லை. ஆதியாகமம் 16 முடிகிறபோது, தேவன் வாக்குக்கொடுத்தது நிறைவேறக் காத்திருந்த ஆபிராமுக்கு வயது 86, 17 தொடங்குகிறபோது 99. ஒரு அதிகாரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஒரு வெற்று வரி அளவு இடத்தில், பதின்மூன்று வருஷம் போயிருக்கிறது. நாம் வாசித்துக்கொண்டு தாண்டிவிடுகிறோம், அவன் அதில் குடியிருந்தான். எனக்கு நான்கு நாளைக்கே சோறு இறங்கவில்லை. அந்த நான்கு நாளில் அந்தப் புரோக்கரின் நம்பரை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. சுருக்கமான மெயில். திருப்பூர் செய்தி அவர்களுக்கு முன்பே தெரியுமாம். மற்ற சப்ளையர்கள் பிப்ரவரி முதல் வாரத்திலேயே எழுதிவிட்டார்களாம், உங்களிடமிருந்துதான் ஒன்றும் வரவில்லை என்று இருந்தது. ஸ்கை ப்ளூவுக்குப் பதில் கிரே மெலாஞ்ச், பச்சைக்குப் பதில் ஆந்த்ரா மெலாஞ்ச், அதாவது கருஞ்சாம்பல், தரலாம். பஞ்சிலேயே சாயம் போட்டு நூற்கிற நூல் அது, துணிக்குப் பட்டறை தேவையில்லை. மூன்று வாரம் கூடுதல் நேரம், ஐந்து சதவீதம் டிஸ்கவுண்ட். மஞ்சள் கேன்சல். முன்பே கேட்டிருந்தால் மஞ்சளையும் வேறு ஏதாவதாக மாற்றியிருக்கலாம், இப்போது அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று கடைசி வரி.

நான் நாயாய் அலைந்த மூன்று வாரமும் வழி திறந்தே இருந்திருக்கிறது. அடைத்துக்கொண்டு நின்றது என் மெயில்கள்தான். தேவனுடைய வார்த்தையை நம்புவது என்றால் மனதுக்குள் தைரியமாக உணர்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த மெயிலை அனுப்பும்போது எனக்கு ஒரு பொட்டுத் தைரியம் இல்லை, கை நடுங்கியது. பயம் சொன்னதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி கத்தியதை எழுத முடியாது. “உன்னைய யாருய்யா அவங்ககிட்ட எல்லாத்தையும் ஒப்பிக்கச் சொன்னது?” என்பது அதில் மரியாதையான பகுதி. இரண்டு மாதம் என்னோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அந்த வருஷம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் வேலை இல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிப் போயின, அவர்களிலும் ஜெபிக்கிறவர்கள் இருந்தார்கள். அதனால்தான் சபையில் சாட்சி சொல்லச் சொல்லிப் போதகர் கேட்டபோது தயங்கினேன். சாட்சி என்றால் கடைசியில் ஆர்டர் இரண்டு மடங்காக வர வேண்டும். எனக்கு ஒரு கலர் கேன்சல், டிஸ்கவுண்ட், திட்டு. இதை மைக்கில் எப்படிச் சொல்வது?

மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஓட்டிய ஒரு டன் துணி, சாயம் காணாமல், குடோன் வாசலையொட்டி மாதக்கணக்கில் கிடந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் முதலாளி ஒருமுறை மூட்டையைப் பார்ப்பார், ஒருமுறை என்னைப் பார்ப்பார். ஒருநாள் நின்று, மூட்டையைக் காலால் தட்டி, “இத என்னப்பா பண்றது?” என்றார்.

“லோக்கல்ல கேட்டுப் பாக்கறேன் சார்” என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.