நினைவில்லையாம்

"நினைவில்லையாம்" என்று மொழிபெயர்ப்பாளனாக நான் சொன்ன ஒற்றைச் சொல்லைத்தான் இத்தனை நாளும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தென்கொரியாவின் பூசான் நகரிலுள்ள நாற்பது படிக்கட்டில், அக்கார்டியன் வாசிக்கும் சிலைக்கு இரண்டு படி கீழே அமர்ந்திருந்த மூதாட்டி அப்படிச் சொல்லவே இல்லை.

கொரியப் போரின்போது, 1950 டிசம்பரில், வடக்கே ஹுங்னாம் துறைமுகத்தில் அகதியாகக் கப்பலேறியபோது தமக்கு ஏழு வயது என்றார் அவர். தம் தாய் இதே படியில் உட்கார்ந்து நிவாரணப் பால்பவுடரைக் கிண்ணத்தால் அளந்து விற்றதையும், பிரிந்துபோன மகன் ஒருநாள் இவ்வழியே வருவான் என்று மேட்டுக் குடிசைகளுக்கு ஏறிப்போகும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்ததையும் சொல்லிக்கொண்டே, கல்லின் விளிம்பை உள்ளங்கையால் தடவினார்.

சென்னையிலிருந்து வந்திருந்த விருந்தினர் கைபேசியிலிருந்து தலை நிமிர்ந்து, "தம்பி, பழைய படிக்கட்டு இங்கிருந்து 25 மீட்டர் தள்ளி இருந்ததாமே? பாட்டியிடம் கேளுங்கள்" என்றார். அவர் படித்தது சரிதான். போர் ஓய்ந்த 1953-லேயே, நவம்பர் 27 அன்று பிடித்த பெருந்தீயில் இந்த வட்டாரம் எரிந்துபோனது. இப்போதுள்ள படிகள் அன்றைய இடத்தில் இல்லை. நானோ மூதாட்டியிடம் திரும்பி, பால்பவுடர் என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன். கிண்ணக் கணக்கில் தயங்காமல் சொன்னார். அதன் பிறகுதான் விருந்தினரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

எண்பதைக் கடந்தவரின் கையடியிலிருந்து அந்தக் கல்லைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. பொய்யென்றாலும் யாருக்கும் கேடில்லாத பொய் என்றுதான் அன்று மாலைவரை நினைத்திருந்தேன். ஆனால் கேட்டதை அப்படியே கடத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எதைக் கடத்துவது என்று தீர்மானிப்பதற்கு அல்ல. (பழைய துபாஷிகளும் இப்படித்தான் சமாளித்திருப்பார்களோ என்னவோ.) கேட்டிருந்தால், "தெரியுமே, அங்கேதான் இருந்தது" என்று கைத்தடியை நீட்டிக் காட்டியிருக்கவும் கூடும். தெரிந்தேதான் இந்தக் கல்லைத் தடவினாரா என்பதை அறியும் வழியை நானே அடைத்துவிட்டேன். இவ்வளவுக்குப் பிறகும், மறுபடி அதே இடத்தில் நின்றால் கேட்பேனா என்றால், கேட்க மாட்டேன் என்றே தோன்றுகிறது.

ஒரு வாரம் கழித்து விருந்தினர், அன்று எடுத்த மூதாட்டியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதன் கீழே, "பாவம், ஞாபகமறதி; ஆனாலும் என்ன சிரிப்பு!" என்று எழுதியிருந்தார். நான் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.