அண்ணன் வாயால் கேட்ட முஸ்தபா

எங்கள் வீட்டு டிவி கேமை அப்பா பர்மா பஜாரில் வாங்கினார். வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ராயபுரம், அடுத்தது பீச். இறங்கி ரோட்டைக் கடந்தால் பஜார். 1983-ல் நின்டெண்டோ கம்பெனி ஜப்பானில் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற கேம் மெஷினின் நகல் அது என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. மஞ்சள் கேசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே நாலைந்து கேம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை. டேங்க் இருந்ததே!

டேங்க் என்றால் நாம்கோ கம்பெனியின் பேட்டில் சிட்டி, 1985-ல் வந்தது. அண்ணனுக்கு மஞ்சள் டேங்க், எனக்குப் பச்சை. ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்குகள் மேலிருந்து இறங்கும். கீழே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அதன் மேல் எதிரி குண்டு பட்டாலும் போச்சு, நம் குண்டு பட்டாலும் போச்சு. "பாப்பா, நீ கீழயே நில்லு, கழுகைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் மேலே போய்விடுவான். காவல் நிற்பதுதான் கஷ்டமான வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். மூன்று பக்கமும் கண் இருக்க வேண்டும். திரையில் தோன்றும் மண்வெட்டிப் படத்தை எடுத்தால் செங்கல் கொஞ்ச நேரத்துக்கு இரும்புச் சுவராக மாறும், அப்போதுதான் மூச்சு விடலாம்.

அதில் ஸ்டேஜை நாமே கட்டவும் முடியும். நாங்கள் எங்கள் ஏரியாவைக் கட்டினோம். இரும்புக் கட்டங்களை வரிசையாக வைத்தால் கொருக்குப்பேட்டை தண்டவாளம், தண்ணீர்க் கட்டங்கள் பக்கிங்ஹாம் கால்வாய். டேங்க் தண்ணீரைத் தாண்டாது என்பதால் பாலத்துக்கு இடம் விட வேண்டும். பாலம் எங்கே என்பதில்தான் சண்டை வரும்.

தெருமுனை கேம் கடை வேறு உலகம். காயின் போட்டு ஆடும் பெட்டிகள், முழுக்கப் பையன்கள். பெண் பிள்ளைகள் உள்ளே போவதில்லை. அங்கேதான் முஸ்தபா இருந்தது. கேப்காம் 1993-ல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். மஞ்சள் தொப்பிக்கார முஸ்தபாதான் எல்லாருக்கும் பிடித்தவன், ஆட்டத்துக்கே அவன் பெயரை வைத்துவிட்டார்கள். வீட்டு மெஷினுக்கு அது வரவேயில்லை. அதனால் ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அண்ணன் சொல்லுவான். எந்த பீப்பாயை உடைத்தால் சாப்பாடு வரும், ரெண்டு கையிலும் கத்தி வைத்திருப்பவன் எப்படிப் பாய்வான், மூன்றாவது ஸ்டேஜில் கார் ஓட்டி ஆட்களை எப்படி இடிக்கலாம் என்று எல்லாம் வரும். அவன் சொல்லச் சொல்ல நான் வாய் பிளந்து கேட்பேன். நாம் எடுத்து ஆடக்கூடிய நான்கு பேரில் ஹன்னா என்று ஒரு பெண்ணும் உண்டு என்று ஒருநாள் போகிற போக்கில் சொன்னான். "நீ அவளை எடுத்து ஆடினியா?" என்றேன். இல்லையாம். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. உள்ளே ஒருத்தி இருக்கிறாள், அவளை எடுத்து ஆட ஆளில்லை.

போன பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது லேப்டாப்பில் முஸ்தபாவைப் போட்டோம். நான் ஹன்னாவை எடுத்தேன். எதிரி திரையில் வருவதற்கு முன்னாலேயே "பாப்பா, மேல போ, மேல போ!" என்று கத்துகிறான். எல்லாமே ஞாபகம் வைத்திருக்கிறான். அவன் சொன்னதில் ஒன்றுகூட பொய் இல்லை. பீப்பாய்க்குள் சாப்பாடு இருந்தது, மூன்றாவது ஸ்டேஜில் கார் வந்தது. அண்ணி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். கடைசி வரைக்கும் முடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.