சர்வர்தான் சொன்னது

"என் புது மெயில் ஐடியை யாருக்காவது கொடுத்தீங்களா?"

"இல்லையே மேடம். நான் யாருக்கும் கொடுக்கல."

ஃபோனில் பேசியவர் எங்கள் கல்லூரி வேலையை விட்டுப் போனவர். கல்லூரியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். அவர் தனக்கு வந்திருந்த ஒரு மெயிலின் அடியில் ஒட்டப்பட்டிருந்ததை வாசித்துக் காட்டினார். எங்கள் சர்வரின் பெயர், 550, 5.1.6 என்ற மறுப்பு எண்கள், அவருடைய பழைய முகவரி, அப்புறம் 'யூசர் ஹாஸ் மூவ்டு டு', அதாவது இவர் இங்கே மாறிவிட்டார் என்ற வார்த்தைகள், அதை ஒட்டி அவருடைய புதிய முகவரி.

"அது நான் கொடுத்தது இல்ல மேடம், சர்வர் தானாச் சொல்றது."

"சர்வருக்கு யார் சொன்னாங்க?"

"ரிலீவிங் ஃபார்ம்ல நீங்க எழுதிக் கொடுத்ததுதான்."

"அது டேக்ஸுக்கு ஃபார்ம் 16 அனுப்புறதுக்குன்னு சொல்லித்தானே வாங்கினாங்க?"

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சு இல்லை. பிறகு, "சரி, அதை எடுத்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சர்வரின் கோப்பில் அவருடைய புது முகவரி இருந்த வரியை அழித்து, அந்த மாற்றத்தைச் சர்வர் எடுத்துக்கொள்ள வைக்கும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டி, நானே வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிச் சரிபார்த்தேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. நான் சொன்ன மூன்று பதில்களில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முதலில் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், பிறகு இயந்திரத்தைக் காட்டினேன், கடைசியில் அவரையே காட்டினேன். இத்தனைக்கும் அவர் என் மேல் கோபமாகப் பேசவே இல்லை. யாரும் குற்றம் சாட்டாதபோதே அந்த வரிசையில் எனக்குப் பதில் வந்தது.

அந்த வரியை ஏன் போட்டேன் என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவர்களின் மெயிலை அவர்கள் சொல்லும் முகவரிக்கு ஃபார்வர்டு செய்து வைப்பது எனக்கு முன்பிருந்தே கல்லூரியில் வழக்கம். பல வருடம் அது தொல்லை தரவில்லை. பிறகு எஸ்பிஎஃப் சோதனை எல்லா இடத்திலும் கறாராகிவிட்டது. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த ஐபியிலிருந்து, அதாவது எந்தெந்த சர்வரின் இணைய எண்ணிலிருந்து, மெயில் வரலாம் என்று அந்த டொமைன்காரர் அறிவித்து வைப்பதுதான் எஸ்பிஎஃப். ஃபார்வர்டு ஆகும் மெயிலில் அனுப்பியவரின் முகவரி அப்படியே இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுப்பதோ எங்கள் சர்வர். எங்கள் ஐபி அந்த அறிவிப்பில் இருக்காது. வாங்குகிற பக்கம் அதைப் போலி என்று நினைப்பதில் தப்பில்லை. இது போதாதென்று, பழைய முகவரிகளுக்கு வரும் ஸ்பாமும் எங்கள் வழியாகவே ஜிமெயிலுக்குப் போகும். அங்கிருந்து பார்த்தால் ஸ்பாம் அனுப்புவது நாங்கள்தான்.

அந்த வருடம் அட்மிஷன் நேரத்தில் ஜிமெயில் 421 என்ற தற்காலிக மறுப்பைக் கொடுக்க ஆரம்பித்தது. உங்கள் ஐபியிலிருந்து வேண்டாத மெயில்கள் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் வருகின்றன, பிறகு முயலவும் என்று. இடம் கிடைத்த பிள்ளைகளுக்குப் போக வேண்டிய கடிதங்கள் கியூவில் நின்றன. எங்கள் சர்வரில் ஓடும் மெயில் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், அதற்கு மேல் கைவிட்டுவிடும். கட்டணம் கட்டக் கொடுத்திருந்த அவகாசமே அதைவிடக் குறைவு. அலுவலகத்திலிருந்து மணிக்கு ஒரு தடவை ஆள் வந்து நின்றார்கள். அன்று இரவு ஃபார்வர்டிங் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நிறுத்திய பிறகு, போனவர்களுக்கு வரும் மெயிலை என்ன செய்வது? போஸ்ட்ஃபிக்ஸில் இதற்கென்றே ரீலொகேட்டட் மேப்ஸ் என்று ஒரு வசதி உண்டு. ஒரு கோப்பு, வரிக்கு ஒருவர். இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது. யாராவது பழைய முகவரிக்கு அனுப்பினால், கடிதத்தின் உள்ளடக்கம் வந்து சேரும் முன்பே, பெறுநர் யார் என்று சொல்லும் கட்டத்திலேயே சர்வர் மறுத்துவிடும். மறுக்கும்போது இன்ன இடத்துக்குப் போய்விட்டார் என்றும் சொல்லிவிடும். எங்கள் வழியாக எதுவும் போகாது, ஸ்பாம் பழியும் வராது. அனுப்பியவருக்குச் சரியான முகவரி கிடைத்துவிடும். எனக்கு அது நேர்மையான வழியாகத் தெரிந்தது. அலுவலகத்தில் புதிய முகவரிகளைக் கேட்டேன். 23 பேர் கொண்ட எக்செல் தாள் வந்தது. அந்த முகவரிகள் எதற்காக வாங்கப்பட்டவை என்று நான் கேட்கவில்லை. கொடுத்தவரும் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சர்வருக்கு வேண்டும் என்று நான் கேட்டேன், அவர் கொடுத்தார்.

தபால்காரரோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். வீடு மாறிப் போனவருக்கு வரும் கடிதத்தைப் புது விலாசம் எழுதித் திருப்பி அனுப்புவது ஒரு வழி. போட்டவருக்கு எதுவும் தெரியாது. விலாசதாரர் இல்லை என்று எழுதிப் போட்டவருக்கே அனுப்புவது இன்னொரு வழி. நான் செய்தது இரண்டும் இல்லை. பூட்டிய வீட்டுக் கதவில் புது விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். யார் வந்து கதவைத் தட்டினாலும் தெரியும். அவருடைய புது முகவரியின் பின்பாதி அவர் சேர்ந்த நிறுவனத்தின் டொமைன். அதைத் தேடினால் ஊர், வளாகம், துறை, அலுவலக ஃபோன் என எல்லாம் வந்துவிடும்.

இணையத்தின் நெறிமுறைகளை எழுதி வைக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். மெயில் பரிமாற்றத்தின் மூல ஆவணம் ஆர்எஃப்சி 821, 1982இல் ஜான் போஸ்டல் எழுதியது. அதிலேயே 251, 551 என்று இரண்டு பதில்கள் உண்டு. பயனர் இங்கே இல்லை, நானே அனுப்பிவிடுகிறேன் என்பது முதலாவது. இங்கே இல்லை, இந்த முகவரியில் முயன்று பார் என்பது இரண்டாவது. யார் எங்கே இருக்கிறார் என்று சொல்வது உபகாரமாக மட்டுமே இருந்த சிறிய வலையமைப்பு அது. அதற்குப் பதிலாகப் பின்னால் வந்த ஆர்எஃப்சி 2821, 5321 இரண்டிலும் இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சேர்ந்துவிட்டது. இறுதி முகவரி வெளியே தெரிவது பாதுகாப்புக்கு ஒவ்வாமல் போகலாம், இந்தப் பதில்களை மென்பொருள் எழுதுகிறவர்கள் மட்டும் அல்ல, சர்வரை அமைக்கிறவர்களும் கவனமாக எடைபோட வேண்டும் என்று. 2001இலிருந்து எழுதியிருக்கிறது. சர்வரை அமைக்கிறவர் என்றால் என்னைத்தான் சொல்கிறது. அந்த ஆவணத்தை நான் படித்திருக்கிறேன். அந்தப் பத்தியும் நிச்சயம் கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொன்று, இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த முகவரி இருக்கிறதா என்று வெளியாள் சர்வரிடம் கேட்டுப் பார்க்க விஆர்எஃப்ஒய் என்று ஒரு கட்டளை உண்டு. ஸ்பாம்காரர்கள் முகவரி பொறுக்கப் பயன்படுத்துவார்கள் என்று சர்வரை அமைத்த முதல் நாளே அதை அடைத்துவிட்டேன். முகவரி இருக்கிறதா என்ற கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாத சர்வரை, ஒருவர் வேலையை விட்டு எங்கே போனார் என்று சொல்ல வைத்திருக்கிறேன். ஒரே அமைப்புக் கோப்பில், சில வரிகள் தள்ளி. ஸ்பாமுக்குப் பயந்தபோது அந்நியர்கள் நினைவுக்கு வந்தார்கள். இதைச் செய்தபோது, மெயில் அனுப்புகிறவர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள், அவர் விரும்புகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்தவர்கள் என்பது வேண்டுமானால் சரியாக இருந்திருக்கலாம்.

யாரிடமிருந்து விலகிப் போனார் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஆனால் அவர் கூப்பிட்ட அன்று இரவு, வந்த மெயில்களின் விவரம் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தேன். எங்கள் சர்வரில் நான்கு வாரம் வரை பழைய லாக் இருக்கும். அவருடைய பழைய முகவரிக்கு வந்து மறுக்கப்பட்டவற்றைத் தேடினேன். பெரும்பாலும் ஆய்விதழ்களின் தானியங்கி மெயில்கள். தனி ஆளிடமிருந்து வந்தது ஒன்று, இரவு 11 மணிக்கு மேல். அந்தப் பெயரைப் பார்த்ததும் திரையை மூடிவிட்டேன். எதற்காகத் தேடினேன்? அவருக்குத் தேவைப்பட்டால் ஆதாரம் எடுத்து வைக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டாத ஒன்று இப்போது தெரிந்திருக்கிறது, தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஃபார்வர்டிங்கை நிறுத்தாமலே சமாளித்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எஸ்ஆர்எஸ் போட்டு அனுப்புநர் முகவரியை நம் டொமைனுக்கு மாற்றி எழுதினால் எஸ்பிஎஃப் சிக்கல் தீரும் என்பது எனக்கும் தெரியும். ஸ்பாம் பழி அதனால் தீராது. அதுவும் உண்மை. ஆனால் ஸ்பாமை வடிகட்டி மிச்சத்தை மட்டும் அனுப்பியிருக்கலாம். அதற்கு அரைநாள் வேலை இருந்திருக்கும், ரீலொகேட்டட் மேப்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. அட்மிஷன் முடிந்த பிறகாவது திரும்பி வந்து செய்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்ததால் தொடவில்லை.

அவர் கூப்பிட்ட மறுநாளே மீதி 22 பேரின் வரிகளையும் எடுத்துவிட்டேன். பதிலாக, இந்த முகவரி இப்போது பயன்பாட்டில் இல்லை, கல்லூரி அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும் என்று மட்டும் சொல்லி மறுக்கும்படி அமைத்தேன். இதுதான் சரி என்று இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். பிறகு இன்னொரு பேராசிரியர், ஓய்வு பெற்றவர், நேரில் வந்தார். அவருடைய பழைய மாணவி வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதியிருக்கிறாள். மெயில் திரும்பிவிட்டது. அலுவலகத்துக்கு ஃபோன் செய்திருக்கிறாள், யாரும் எடுக்கவில்லை. கடைசித் தேதி போய்விட்டது. "நான் எங்கயும் ஒளிஞ்சுக்கலையே தம்பி, என் அட்ரஸைச் சொல்றதுல என்ன கஷ்டம்?" என்றார். ஒருவருக்காகச் செய்ததை எல்லோருக்கும் செய்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? முன்பும் அதையேதான் செய்திருந்தேன், எதிர்ப் பக்கமாக. இரண்டு தடவையும் சம்பந்தப்பட்டவரைக் கேட்கவில்லை.

இப்போது ரிலீவிங் ஃபார்மில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது, நான் போராடிச் சேர்த்தது. பழைய முகவரிக்கு வரும் மெயிலை என்ன செய்யலாம்: புது முகவரியைச் சொல்லலாம், யாருக்கும் தெரியாமல் ஆறு மாதம் அனுப்பி வைக்கலாம், எதுவும் சொல்லாமல் மறுக்கலாம். எஸ்ஆர்எஸ்ஸும் வடிகட்டியும் கடைசியில் போட்டேன். சொன்னபடி அரைநாள்தான் ஆயிற்று.

போன மாதம் ஒரு உதவிப் பேராசிரியை வேலையை விட்டார். ஃபார்மோடு என் மேஜைக்கு வந்து, "இதுல எது டிக் பண்ணணும் சார்?" என்றார். முதல் கட்டத்தை டிக் செய்தால் யார் எழுதினாலும் புது முகவரி தெரிந்துவிடும், அதனால்... என்று நான் ஆரம்பிப்பதற்குள் முதலாவதை டிக் செய்துவிட்டார். கீழே ஆட்டோ காத்திருந்தது.

சாயங்காலம் அவருடைய வரியைக் கோப்பில் சேர்த்தேன். போஸ்ட்மேப் ஓட்டும் முன் அவரை ஃபோனில் கூப்பிட்டு, யார் எழுதினாலும் தெரியும், பரவாயில்லையா என்று இன்னொரு தடவை கேட்டேன். "அதான் டிக் பண்ணிட்டேனே சார்" என்றார்.